கையைக் கட்டச் சொல்லாமல் வளர்ப்பது: ஆட்டிசக் குழந்தையின் ஸ்டிம்மிங்கும் வீட்டுப் பெரியவர்களும்

விருந்தாளி வந்து சோபாவில் உட்கார்ந்த அரை நிமிஷத்தில் குழந்தையின் இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு எழும்பும். மணிக்கட்டு தளர்ந்து விரல்கள் படபடக்கும். அடுத்த அரை நிமிஷத்தில் வீட்டுப் பெரியவர் யாராவது 'கையை ஆட்டாதே' என்று சொல்லிவிடுவார். யோசித்துச் சொல்வது கிடையாது, தும்மல் மாதிரி தானாக வருவது. இந்த இரண்டாவது அரை நிமிஷத்தை எப்படித் திருத்துவது என்பதுதான் கீழே வருவதில் பெரும்பகுதி. குழந்தையிடம் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். வீட்டில் மாற்ற வேண்டியது நிறைய.

கையைப் படபடப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, நுனிக்காலில் நடப்பது, விரலைக் கண்ணருகே வைத்து அசைத்துப் பார்ப்பது, 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இழுப்பது, விளம்பர வசனம் ஒன்றையே நூறு தடவை சொல்வது, சாவிக்கொத்தைச் சுழற்றுவது, ஓடும் ஃபேனையே பார்த்து நிற்பது, காலரை மெல்வது. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஸ்டிம்மிங். ஆட்டிசத்தைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. இது மட்டும் இருந்தால் ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது.

ஏன் செய்கிறார்கள்? சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போது உடம்பைச் சமநிலைக்குக் கொண்டுவர. சந்தோஷம் பொங்கும்போது. சலிப்பில். யோசிக்கும்போது. சில சமயம் வலியில். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 32 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். தங்களை நிதானப்படுத்திக்கொள்ள உதவுகிறது, அடக்கச் சொன்னால் கஷ்டமாக இருக்கிறது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். பேச்சு வராத குழந்தையின் கை சொல்வதையும் இந்தப் பெரியவர்களின் வாய்வழியாகப் புரிந்துகொள்ளலாம்.

'கை கட்டு, வாய் பொத்து' எங்கிருந்து வருகிறது

நம் வீடுகளில் அசையாமல் இருப்பதுதான் மரியாதை. பெரியவர் முன்னால் கை கட்டி நிற்க வேண்டும். பாலர் வகுப்பில் முதலில் கற்றுக்கொடுப்பதே கையைக் கட்டி, விரலை உதட்டில் வைப்பதைத்தான். உட்கார்ந்து காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்காது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. அடியாத மாடு படியாது. கையைத் தட்டிவிடும் தாத்தா கொடுமைக்காரர் அல்ல. அவர் கையையும் யாரோ அப்படித்தான் தட்டிவிட்டார்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பயம் அவருக்குச் சொத்து மாதிரி வந்து சேர்ந்தது. அதைப் பேரனுக்கும் எழுதி வைக்கிறார்.

இதற்குச் சிகிச்சை உலகமும் துணைபோனது. அமெரிக்காவில் 1960களில் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளின் நடத்தையை மாற்ற அதட்டல், அடி, மின் அதிர்ச்சி வரை பயன்படுத்தினார். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 19 குழந்தைகளில் 9 பேர் மற்ற குழந்தைகளைப் போலவே சாதாரணப் பள்ளியில் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். மற்றவர் மாதிரி தெரிய வைப்பதே வெற்றி என்ற எண்ணம் அங்கிருந்து பரவி, இன்றும் நம் ஊர் சில மையங்களின் பயிற்சித் தாள்களில் 'கைகள் மடியில்' என்ற வரியாக நிற்கிறது. பாட்டியின் பழமொழியும் தெரபிஸ்டின் தாளும் ஒன்றையே சொல்லும்போது, நடுவில் இருக்கும் அம்மாவுக்கு அது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றிவிடும்.

அடக்கினால் என்ன ஆகிறது? கையை அடக்கி வைக்கக் குழந்தை தன் கவனம் முழுவதையும் செலவு செய்கிறது. பாடம் காதில் ஏறுவதில்லை. பள்ளியில் 'சமத்து' என்று பெயர் வாங்கிவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடிக்கும் குழந்தைகள் ஏராளம். இன்னொன்றும் நடக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஸ்டிம்மைத் தடுத்தால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும்: கன்னத்தின் உட்பக்கத்தைக் கடிப்பது, நகக்கண்ணைப் பிய்ப்பது, புண்ணைச் சுரண்டுவது. ஆபத்தில்லாத ஒன்றை நிறுத்தி ஆபத்தான ஒன்றை வாங்கிக்கொண்ட கணக்குதான்.

முதல் வேலை: இது ஸ்டிம்தானா என்று பார்ப்பது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 'அவன் எப்பவும் இப்படித்தான்' என்று விட்டதால் காது வலியும் பல்வலியும் வாரக்கணக்கில் தெரியாமல் போவதுண்டு.

அசைவு வரும்போது பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளை மெதுவாகத் தொடுங்கள், பிடித்த பண்டத்தைக் காட்டுங்கள். ஸ்டிம் என்றால் பெரும்பாலும் ஒரு கணமாவது நிற்கும், அல்லது கண் உங்கள் பக்கம் வரும். 5 முதல் 20 விநாடி வெறித்த பார்வை, இமை துடிப்பு, கூப்பிட்டால், தொட்டால் எந்தப் பதிலும் இல்லை, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட வேலையைத் தொடர்வது என்றால் வலிப்பாக இருக்கலாம். போனில் இரண்டு மூன்று வீடியோ எடுங்கள். முகம் மட்டும் போதாது, முழு உடம்பும் தெரிய வேண்டும், நீங்கள் கூப்பிடும் குரலும் பதிவாக வேண்டும். அந்த வீடியோவைப் பார்த்தால் நரம்பியல் மருத்துவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை, அதிலும் தூங்கி எழுந்ததும், தலை குனிந்து இரண்டு கையும் திடுக்கென்று விரிவது சில விநாடி இடைவெளியில் வரிசையாக வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இதுவரை இல்லாத தலைமுட்டல் திடீரென்று வந்தாலோ, காதில் அறைந்துகொண்டாலோ, தாடையைக் குத்தினாலோ, முதலில் காது, பல், தொண்டை, வயிறு பாருங்கள். மலச்சிக்கல் பலரும் மறந்துபோகும் காரணம். மண், சுண்ணாம்பு, சிலேட்டுக்குச்சி தின்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தாயத்தை மெல்லும் குழந்தையிடமிருந்து, அது என்ன உலோகம் என்று தெரியாவிட்டால், அன்றே கழற்றிவிடுங்கள். காரீயம் கலந்திருந்தால் மூளைக்கு நஞ்சு. கோயிலில் மந்திரித்த கயிறு என்றால் பூஜை அறையில் மாட்டி வைக்கலாம், யாருக்கும் மனவருத்தம் வராது.

எங்கே காட்டுவது என்று தெரியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பக்கட்ட இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் மையம் அது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, கட்டணம் கிடையாது.

பதினான்கு நாள் நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். மணி, இடம், அதற்கு முந்தைய 5 நிமிஷத்தில் நடந்தது, என்ன செய்தான், எவ்வளவு நேரம், பெரியவர் யார் என்ன சொன்னார், அப்புறம் என்ன ஆனது. ஏழு கட்டம். ஆறாவது கட்டத்தை யாரும் எழுத விரும்ப மாட்டார்கள். அதுதான் முக்கியமான கட்டம். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்:

காலை 7.10. சமையலறை வாசல். சட்னிக்கு மிக்ஸி ஓடியது. காதைப் பொத்தி முன்னும் பின்னும் ஆடினான். மிக்ஸி நின்ற பிறகும் 2 நிமிஷம். யாரும் எதுவும் சொல்லவில்லை. தானே வந்து இட்லி சாப்பிட்டான்.

மாலை 4.40. கூடம். பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கை படபடப்பு, குதிப்பு. 1 நிமிஷம். தாத்தா 'சும்மா இருடா' என்று கையைப் பிடித்தார். அழுகை, தலையைச் சுவரில் முட்டினான், 25 நிமிஷம்.

இரண்டாவது வரியில் தலைமுட்டலுக்கு முன்னால் நடந்தது கை படபடப்பு அல்ல, கையைப் பிடித்தது. இது கண்ணில் படுவதற்காகத்தான் 14 நாள். நாலு நாளில் நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமைக்கும் பள்ளி நாளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் எழுத வேண்டாம், ஒரு நாளைக்கு நாலைந்து வரி போதும். அதிகம் எழுதப் போனால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள்.

14 நாள் முடிந்ததும் நோட்டில் உள்ள ஸ்டிம்களை மூன்று கூறாகப் பிரியுங்கள். யாருக்கும் காயமில்லை, எந்த வேலையும் கெடவில்லை: அதை விட்டுவிடுங்கள், முழுதாக விட்டுவிடுங்கள். காயமில்லை, ஆனால் இடைஞ்சல் (வகுப்பில் உரக்க இழுக்கும் 'ம்ம்ம்', சாப்பாட்டுத் தட்டைச் சுழற்றுவது): இடமோ நேரமோ ஏற்பாடு செய்யுங்கள். காயம் உண்டு (கடிப்பது, முட்டுவது, பிய்ப்பது): காரணத்தைக் குறைத்து, அதே உணர்வைத் தரும் வேறொன்றைக் கொடுங்கள். பெரும்பாலான வீடுகள் தவறுவது பிரிக்கும்போதுதான். 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்பதைக் காயம் என்ற கூறில் போட்டுவிடுகிறார்கள். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது முதல் கூறுதான்.

புளியங்கொட்டை டம்ளர்

வீட்டில் இருக்கும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர், அடுக்களை மேடையில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். 'ஆட்டாதே', 'சும்மா இரு', 'கையை இறக்கு', 'எல்லாரும் பாக்குறாங்க' என்று சொன்னாலும், கையைப் பிடித்து இறக்கினாலும், முறைத்தாலும் தன் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை. அடுத்தவருக்குப் போடக் கூடாது, தானே போட வேண்டும். ராத்திரி எண்ணி நோட்டில் எழுதிவிட்டுக் காலி செய்யுங்கள். அபராதம், பரிசு எதுவும் வேண்டாம். எண்ணிக்கை மட்டும்.

முதல் நாள் எண்ணிக்கை எல்லாரையும் திடுக்கிட வைக்கும், அதிகம் கோபப்படாதவர் என்று பெயர் வாங்கியவர் உட்பட. முதல் வாரம் குறைக்க முயலவே வேண்டாம், எண்ணினால் போதும். இரண்டாம் வாரத்தில் வாய் திறக்கும்போதே கை டம்ளரைத் தேடும். அந்த ஒரு நொடி இடைவெளிதான் நமக்குத் தேவை.

அந்த இடைவெளியில் என்ன சொல்வது? பெரும்பாலும் எதுவும் வேண்டாம். பார்த்துவிட்டுத் திரும்பி உங்கள் வேலையைப் பாருங்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் கண்டதைச் சொல்லுங்கள்: 'மழை பாத்து குஷியா இருக்கியா?' 'சத்தம் ஜாஸ்தியா இருக்கா, மாடிக்குப் போலாமா?' பாராட்டும் கவனமாக இருக்கட்டும். 'இன்னிக்கு கையே ஆட்டல, சமத்து' என்பது பழைய 'ஆட்டாதே' வேறு உடுப்பில் வருவது. அதற்கும் ஒரு கொட்டை.

உடம்புக்கு வேண்டியதைக் கொடுப்பது

ஆடும் குழந்தைக்கு நம் ஊரில் நல்ல வசதி ஒன்று உண்டு, ஊஞ்சல். கூடத்து ஊஞ்சலில் தாத்தா ஒரு மணி நேரம் ஆடினால் அது ஓய்வு. தரையில் உட்கார்ந்து பேரன் ஆடினால் அது வியாதி. இரண்டும் ஒரே சுகம்தான்.

புதிதாக மாட்டுவதாக இருந்தால் கொக்கியைக் கான்கிரீட் கூரையில் கொத்தனாரை வைத்துப் போடுங்கள். ஃபேன் கொக்கியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். வீட்டில் கனமான பெரியவர் முதலில் ஆடிப் பார்க்கட்டும். உட்கார்ந்தால் குழந்தையின் பாதம் தரையைத் தொடும் உயரம், கீழே பாய் மேல் மெத்தை. முன்னும் பின்னும் சீராக 10 முதல் 15 நிமிஷம். பள்ளி கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. முகம் வெளுத்தால், வியர்த்தால், கொட்டாவி வந்தால் நிறுத்துங்கள். சுழற்றி விடுவது சில குழந்தைகளுக்குத் தூண்டுதலை ஏற்றிவிடும், அதனால் நேர் ஆட்டத்தோடு நில்லுங்கள். சேலைத் தூளி அமைதி தரும், ஆனால் வளர்ந்த குழந்தை திரும்பித் திரும்பிச் சுற்றினால் துணி கழுத்தில் இறுகும் ஆபத்து உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல் விடவே கூடாது.

குதிக்கும், மோதும், இறுக்கிப் பிடிக்கும் குழந்தைக்குத் தசையில் அழுத்தம் விழும் வேலை கொடுங்கள். சப்பாத்தி மாவை அடித்துப் பிசைவது, நனைந்த துண்டைப் பிழிவது, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி வருவது, அரிசிப் பையை இழுத்து நகர்த்துவது. இது தண்டனையாக மாறிவிடக் கூடாது. மாவு உண்மையிலேயே சப்பாத்தியாக வேண்டும்.

காலர் மெல்பவருக்கு உணவுத்தர சிலிக்கான் மெல்லு வளையம் ஆன்லைனில் கிடைக்கிறது. கழுத்தில் மாட்டுவதானால் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பூட்டு உள்ளதையே வாங்குங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பல் பதிந்து கிழிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். விரலால் நோண்டுபவருக்குப் பாசிமணி கோத்த தடித்த கயிறு, வெல்க்ரோ துண்டு, பழைய சேலைக் கரை. விலை முக்கியமில்லை, அந்தக் குழந்தையின் விரலுக்கு எது பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்து பொருளை ஒரு தட்டில் வைத்து, எதை இரண்டாம் தடவை எடுக்கிறான் என்று பாருங்கள்.

தலையைச் சுவரில் முட்டும்போது உங்கள் உள்ளங்கையையோ தலையணையையோ நடுவில் கொடுங்கள். பேசாதீர்கள். விளக்கை அணைத்து, டிவியை நிறுத்தி, மற்றவர்களை அறையை விட்டு அனுப்புங்கள். கையைக் கட்டிப் போடுவது, மேலே ஏறி அமுக்குவது உயிருக்கே ஆபத்து. காயம் வரும் அளவுக்கு அடிக்கடி நடந்தால் நோட்டோடு மருத்துவரிடமும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) போங்கள்.

பெரியவர்களிடம் பேசுவது

யார் பேசுவது என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். மாமியாரிடம் மருமகள் போய்ச் சொன்னால், அது குழந்தையைப் பற்றிய பேச்சாக நிற்காது, 'செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள்' என்ற பழைய கணக்கில் சேரும். அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேசுங்கள். இந்த ஒன்றை மாற்றியதால் தீர்ந்த சண்டைகள் அதிகம். பேசும் நேரம் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, குழந்தை தூங்கிய பிறகு. கை ஆடிக்கொண்டிருக்கும்போது விளக்கம் சொல்லக் கூடாது.

மகன் அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: 'அம்மா, நீ ஜெபமாலை உருட்டும்போது மனசு அடங்குதில்ல? பாடசாலைப் பசங்க உடம்பை ஆட்டி ஆட்டித்தானே மனப்பாடம் பண்றாங்க? இவனுக்கு அந்த மாதிரிதான் கை. நிறுத்தினா உள்ளுக்குள்ள தவிச்சுப் போறான். நீ சொன்னா அவன் ரொம்ப பயப்படுறான்மா. நீ மட்டும் அவன் கையைப் பிடிச்சு நிறுத்தாம இரு, போதும்.' கேட்பது ஒரே ஒரு விஷயமாக இருக்கட்டும். பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது. நோட்டில் மாலை 4.40 வரியை வாசித்துக் காட்டுங்கள், யார் பெயரையும் அழுத்தாமல்.

'அடியாத மாடு' வந்தால் பழமொழியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 'அது சேட்டைக்குச் சொன்னதும்மா, இது சேட்டை இல்லை, தும்மல் மாதிரி' என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: மாலை ஊஞ்சல் அவர் பொறுப்பு, ஆட்டிக்கொண்டே பாடட்டும். வேடிக்கை பார்த்துக் குறை சொல்பவரை விட, கயிறு கையில் இருப்பவர் சீக்கிரம் மாறுகிறார்.

எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கூடாது? திருஷ்டி சுற்றிப் போடட்டும். மிளகாயை வாசலுக்கு வெளியே, குழந்தைக்குப் புகை படாத தூரத்தில் போட்டால் போதும். நேர்த்திக்கடன் வைக்கட்டும். சூடு வைப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, பேயோட்டுகிறேன் என்பவரிடம் கூட்டிப்போவது, பட்டினி போடுவது, 'நல்லா பண்ணிடும்' என்று பெயர் தெரியாத பொடி கொடுப்பது: இவற்றில் தாத்தா பாட்டி மனம் நோகும் என்ற தயக்கம் வேண்டவே வேண்டாம். குழந்தையின் உடம்பு மற்ற யாருடைய மனத்தாங்கலையும் விடப் பெரியது.

கல்யாண மண்டபம், பஸ்

மண்டபத்தில் பிரச்சினை பெரும்பாலும் கெட்டிமேளத்தில் வெடிக்கும். நாதஸ்வரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், ஐயர் கையை உயர்த்துவார், அத்தனை தவிலும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும், நானூறு பேர் எழுந்து அட்சதை வீசுவார்கள். தாலி கட்டும் முகூர்த்த நேரத்தைப் பத்திரிகையில் பார்த்து, அதற்கு 15 நிமிஷம் முன்னாலேயே வாகனம் நிறுத்தும் பக்கம் அழைத்துப் போய்விடுங்கள். கடைசி வரிசை ஓரம், கதவுக்குப் பக்கத்து நாற்காலி. காது மூடியை வீட்டிலேயே ஒரு வாரம் தினம் 10 நிமிஷம் மாட்டிப் பழக்கியிருக்க வேண்டும். முதல் தடவை மண்டபத்தில் மாட்டினால் பிடுங்கி எறிவான். முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டால் எந்த நேரமும் கிளம்பலாம்.

வெறித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரே வாக்கியம் தயாராக இருக்கட்டும், குரலில் மன்னிப்பு இல்லாமல்: 'அவனுக்கு ஆட்டிசம்ங்க. கை ஆட்டினா அவனுக்கு நிம்மதி.' அவ்வளவுதான். 'சாரிங்க' என்று தொடங்கினால், தன் சந்தோஷத்துக்காக அம்மா மன்னிப்புக் கேட்பதைக் குழந்தை கேட்கும். பேசாத குழந்தைக்கும் எல்லாம் காதில் விழும். பஸ்ஸில் ஜன்னலோரம் அவன், அடுத்து நீங்கள். சாவிக்கொத்தோ கயிறோ அவன் கையில். யாராவது கையைப் பிடித்து நிறுத்த வந்தால் உங்கள் கையைக் குறுக்கே நீட்டி 'தொடாதீங்க, பயந்துடுவான்' என்றால் போதும்.

பள்ளியிலும் பயிற்சி மையத்திலும்

கல்வியாண்டு தொடங்கும் வாரத்தில் அரைப்பக்கக் கடிதம் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மூன்று விஷயம்: இவன் என்ன செய்வான், ஏன் செய்கிறான், உங்களிடம் கேட்பது என்ன. கேட்பது குறிப்பாக இருக்கட்டும். ஃபேனுக்கு நேர் கீழே அல்லாத ஓர இருக்கை. 40 நிமிஷ வகுப்பின் நடுவில் ஒரு தடவை, சாக்பீஸ் எடுத்துவர அனுப்புவது போல எழுந்து நடக்கும் வேலை. நாற்காலியின் முன்கால் இரண்டுக்கும் குறுக்கே பழைய சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டிவிட்டால் காலால் சத்தமில்லாமல் உதைத்துக்கொண்டே எழுதுவான். டியூபை நீங்களே வெட்டிக் கொண்டுபோய்க் கட்டிக் கொடுங்கள், அப்போதுதான் நடக்கும். 'கையைக் கட்டி உட்கார்' என்ற விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதுங்கள்.

மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியர் சொல்ல வேண்டிய பதிலும் கடிதத்தில் இருக்கட்டும்: 'உனக்கு சந்தோஷம்னா சிரிக்கிற, அவனுக்கு சந்தோஷம்னா கையும் சிரிக்கும்.'

அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ பின்னால் சட்டம் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. இதை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம், ஆசிரியர் எதிராளியாகிவிடுவார். தலைமை ஆசிரியருக்கு எழுதும் இரண்டாவது கடிதத்தில் வரட்டும்.

தெரபி மையத்தில் சேர்க்கும் முன் இலக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 'கை ஆட்டுவதைக் குறைத்தல்' என்று இருந்தால், 'இதனால் இவனுக்கு என்ன கெடுதல்?' என்று கேளுங்கள். 'பார்க்க நன்றாக இருக்காது' என்பது பதிலானால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். 'அவன் வேண்டாம் என்று காட்டினால் என்ன செய்வீர்கள்?' என்பது அடுத்த கேள்வி. பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி இல்லை, கையை அமுக்கிப் பிடிப்பார்கள், அழுதாலும் தொடர்வோம் என்கிறார்கள் என்றால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

பத்து வயதைத் தாண்டும்போது இன்னொன்று வரும். அந்தரங்க உறுப்பைத் தொடுவதை அதட்டி நிறுத்தாதீர்கள். இடத்தைக் கற்றுக்கொடுங்கள்: 'இது உன் அறையில், கதவைச் சாத்திக்கிட்டு மட்டும்.' தினமும் அதே வார்த்தை, அதே குரல். கூச்சத்தில் அப்பா ஒன்றும் அம்மா ஒன்றும் சொன்னால் குழம்பிப் போவான்.

கை நீண்டுவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் அவசரத்தில், மானம் போகிறதே என்ற பதற்றத்தில், அவன் கையைத் தட்டிவிடுவீர்கள். முப்பது வருஷம் உடம்பில் ஊறியது இரண்டு வாரத்தில் போகாது. அப்போது செய்ய வேண்டியது நம் வீடுகளில் வழக்கமே இல்லாத ஒன்று, பெரியவர் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்பது.

அன்று மாலைக்குள், அவன் அமைதியாக இருக்கும்போது, எதிரில் நிற்காமல் பக்கத்தில், அவன் உயரத்துக்கு உட்காருங்கள். 'காலைல உன் கையை அடிச்சேன். அது என் தப்பு. உன் கை எதுவும் தப்பு பண்ணல.' ஒரே தடவை, மெதுவாக. 'ஆனா நீயும்...' என்று நீட்டாதீர்கள். அழாதீர்கள், கட்டிப்பிடிக்கச் சொல்லாதீர்கள், என்னைப் பார் என்று முகத்தைத் திருப்பாதீர்கள். பேச்சு வராத குழந்தையிடமும் இதே வார்த்தைகள்தான். இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருங்கள். அவன் பாட்டுக்குச் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருப்பான், சுழற்றட்டும். பிறகு எழுந்து போய் உங்கள் டம்ளரில் கொட்டையைப் போடுங்கள்.